ஃபிட்டர் வீட்டு நிலைக்கதவு

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஃபிட்டர் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியே போகும்போதெல்லாம், வெளியே இருக்கும் ஏதாவது ஒன்று ஏறக்குறைய அதே வேகத்தில் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. முதல் தடவை பால் பாக்கெட். பிறகு பக்கத்து வீட்டுப் பூனை. ஒருமுறை வீட்டு வரி கேட்க வந்த அலுவலர் செருப்புக் காலோடு சமையலறை வரை போய், அரிசி டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஃபிட்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். அதனால் கேஸ் சிலிண்டர்காரர் சுமப்பதையே விட்டுவிட்டார். சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டு, "சார்கிட்ட ஏதாவது சொல்லுங்கம்மா" என்பார். ஃபிட்டரின் மனைவி, அதே ஆலையின் ஆய்வகத்தில் தண்ணீரின் உப்பை அளப்பவள், கணவரின் தொப்பையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். சிலிண்டர் அடுப்படிக்கு வந்துவிடும்.

எல்லாம் அந்த நிலைக்கதவின் வேலை. ஆலையில் கடல்நீரைப் பேரழுத்தத்தில் சவ்வின் மேல் தள்ளுவார்கள். கொஞ்சம் நல்ல தண்ணீராக மறுபக்கம் வரும். மிச்சம் உப்பு கூடிய கழிவாக, தள்ளிய மூர்க்கம் அடங்காமலே வெளியே பாயும். அந்த மூர்க்கத்தைப் பிடித்து வேலை வாங்குவது டர்போசார்ஜர். ஒரே தண்டில் இரண்டு சக்கரங்கள்: போகிற தண்ணீர் ஒன்றைச் சுற்றும், மற்றது வருகிற தண்ணீரை உந்தித் தள்ளும். பழைய டர்போசார்ஜரைக் கழித்துக்கட்டியபோது ஃபிட்டர் அதன் தண்டைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டுக் கதவை அதில் மாட்டினார். பழக்கதோஷம் இரும்புக்கும் உண்டு போலிருக்கிறது.

மகள் கல்யாணத்தில்தான் வினை வந்தது. வேறொரு ஆலையில் இன்ஜினியரான மாப்பிள்ளை, சாப்பிட்டுக்கொண்டே, "டர்போல கொஞ்சம் வீணாப் போயிடும் மாமா. இப்ப அதைவிட நல்ல மெஷினெல்லாம் வந்தாச்சு" என்றார். ஃபிட்டர் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு மண்டபத்தை விட்டே போய்விட்டார். "அப்பா வாயத் திறந்து கூப்பிடாம அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள் மகள். அவர் கூப்பிடவில்லை. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள், அவளும் வரவில்லை. மூன்று வருடம் போயிற்று. அந்த மூன்று வருடமும் ஃபிட்டரின் மனைவி கையில் எடுத்த நல்ல தண்ணீரெல்லாம் லேசாகக் கரித்தது. மேலதிகாரி இரண்டு தடவை மீட்டரை மாற்றிப் பார்த்துவிட்டு, அவளையே கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மாப்பிள்ளைக்குக் கடல் கடந்து வேலை கிடைத்தது. புறப்படும் நாளில் மகள் சொல்லிக்கொள்ள வந்தாள்; டாக்சியை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். ஃபிட்டர் ஜன்னல் திரையைச் சரிசெய்கிற பாவனையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது, உருப்படியாக ஒரு கோபம் வருவதாக இல்லை. இப்போது விட்டால் இனி எப்போதோ என்று அவர் மனைவி எழுந்து வந்தாள். கதவை அகலத் திறந்தாள். "மாப்பிள்ள அன்னிக்குச் சொன்னது சரிதான். வீணாத்தான் போகுது" என்றாள்.

ஃபிட்டர் வெளியே போனார். மகள் கைப்பையோடு பறந்துவந்து சமையலறையில் நின்றாள். "யாரக் கேட்டும்மா என்னை உள்ள இழுத்த?" என்று கத்திவிட்டு அவள் வெளியேற, கேட்டருகே நின்ற ஃபிட்டர் உள்ளே வந்து ஃபேனுக்கடியில் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். அவர் எழுந்து போக, அவள் செருப்பு அலமாரி வரை வந்தாள். அவள் போக, அவர் கால்மிதி வரை வந்தார். மூன்று வருடக் கோபத்தை முதல் தடவையிலேயே செலவழித்துவிட்டார்கள். இனி வந்த வேகம்தான் போகிற வேகம், அதுவும் ஒவ்வொரு முறையும் தேய்ந்துகொண்டே வந்தது. டாக்சி டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில் வெளியே போக அவருக்கும் தெம்பில்லை, உள்ளே வர அவளுக்கும் தெம்பில்லை. இருவரும் வாசற்படியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள்.

ஃபிட்டர் கதவின் தண்டைத் தடவிப் பார்த்தார்.

"கொஞ்சம் வீணாத்தாம்மா போகுது" என்றார். "உள்ள வாம்மா."

"போகட்டும்பா" என்றாள் மகள். அழுதுகொண்டே, தன் காலால் நடந்து உள்ளே வந்தாள். அவள் அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். கொடுப்பதற்கு முன் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். கரிக்கவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் இப்போது ஒவ்வொரு விடுமுறைக்கும் வருகிறார்கள். கதவும் அதே தண்டில்தான் ஆடுகிறது. ஃபிட்டரின் கோபம்தான் முன்போல இல்லை. சிலிண்டர் கால்மிதியைத் தாண்டுவதில்லை. அங்கிருந்து அடுப்படி வரை சிலிண்டர்காரரே தூக்கி வைக்கிறார், முணுமுணுத்துக்கொண்டே.