திருடன் இட்ட காவல் குறி

எசேக்கியேல் உபதேசியார் விடிந்ததும் களத்துக்கு வந்தபோது, அவருடைய சாமைக் குவியலின் ஒரு பக்கம் குடைந்தெடுத்தாற்போல் சரிந்து கிடந்தது. திருட்டு நடந்திருக்கிறது, அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் அவரைத் திகைத்து நிற்க வைத்தது அந்தப் பள்ளம் அன்று. மிஞ்சியிருந்த குவியலின்மேல் யாரோ சாம்பலால் காவல் குறி இட்டிருந்தார்கள்.

ஜவ்வாது மலையின் அந்த ஊரில் தூற்றிக் குவித்த தானியத்துக்குக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை. சாம்பலில் விரல்களைத் தோய்த்துக் குவியலின்மேல் கோடு இழுத்துவிட்டால், வானமே இடிந்து விழுந்தாலும் அதை எவரும் தொடமாட்டார்கள். அந்தக் குறியைத்தான் உபதேசியார் இடவில்லை. குறி இடும்போது மலைத்தெய்வத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்ல அவருடைய நாக்கு இசையவில்லை. ஆலங்காயத்திலிருந்து வந்து, ஓலைக் கொட்டகை ஒன்றில் ஜெபக்கூட்டம் நடத்தி, அந்த ஆண்டுதான் முதன்முறையாகக் குத்தகை நிலத்தில் சாமை விதைத்த மனிதர் அவர். “என் களத்துக்குக் கர்த்தரே காவல்” என்று முந்தைய நாள் மாலை ஊர் கேட்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டு ஐப்பசியில் அந்த ஊரிலே குறியில்லாமல் கிடந்த ஒரே குவியல் அவருடையதுதான்.

அவர் இடாத குறியைத் திருடன் இட்டுவிட்டுப் போயிருக்கிறான்! கொள்ளையடித்தவனே கொத்தவால் வேலையும் பார்த்த அதிசயம் எங்கே உண்டு?

குனிந்து பார்த்தார். விரல்கள் இழுத்த கோடுகளின் நடுவில் ஒரு கோட்டுக்கு உரிய இடம் வெறுமையாக இருந்தது. கரும்பாலைக்குக் கூலிக்குப் போய் நடுவிரலை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் வீரன். சொந்தத்தில் கையகல நிலம்கூட இல்லாதவன். அவன் கையை அந்த ஊரில் அறியாதவர் இல்லை.

செய்தி பரவியது. உபதேசியாரின் மனைவி சலோமி வந்து, பள்ளத்தையும் குறியையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“கர்த்தர் காவலுக்கு ஆள் வெச்சிருக்காரு. ஆளைத்தான் கொஞ்சம் பாத்து வெச்சிருக்கலாம்” என்றாள்.

ஊர்க்கவுண்டர் கோபால்சாமியும் வந்தார். களத்துத் திருட்டுக்கு அங்கே ஒரே தண்டனைதான்: ஊர்விலக்கு. விலக்கப்பட்டவன் வீட்டுக்கு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை. அவன் வாசலில் எவரும் கை நனைக்கமாட்டார்கள். அவன் பிள்ளைக்குப் பெண் கிடைக்காது. பிணம் விழுந்தாலும் தோள் கிடைக்காது. ஒரு மனிதனை உயிரோடு புதைத்துவிட்டு, அதற்கு நியாயம் என்று பெயர் சூட்டும் கொடுமை! மாலையில் பஞ்சாயத்து கூடும். பறிகொடுத்தவர் திருட்டு என்று ஒரு சொல் சொன்னால் வீரனின் குடும்பம் தொலைந்தது.

கவுண்டர் அவரைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்னு சொல்லிடுங்க உபதேசியாரே. முடிஞ்சுபோச்சு.”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“உங்க சாமி அதுகூடவா பொறுத்துக்காது?”

உபதேசியார் கொட்டகையை நோக்கி நடந்தார். உண்மையைச் சொன்னால் ஒரு குடும்பம் அழியும். பொய்யைச் சொன்னால் அவர் பத்து ஆண்டுகளாகப் பேசியதெல்லாம் அழியும்.

முள் குத்தினாலும் அதில் ஒரு பிரசங்கம் காண்பது அவருடைய இயல்பு. கடவுள் எதையும் வீணாக நடத்துவதில்லை என்று உறுதியாக நம்பியவர். ஆகவே கொட்டகையில் முழங்காலிட்டு, இந்தத் திருட்டில் தமக்கு என்ன பாடம் இருக்கிறது என்று தேடினார். மண்ணில் சேர்த்ததைப் பூச்சி அரிக்கும், திருடன் எடுப்பான். விண்ணில் சேர்த்ததற்கே அழிவில்லை என்பதா பாடம்? சலோமி அடுப்பில் வைக்கப்போவது விண்ணுலகச் சாமை அன்றே! அனைத்தையும் இழந்தும் ஆண்டவரைத் தூற்றாத பக்தனைப் போல் இருப்பதா? அவனிடம் எடுத்தவர்கள் கோடு இழுத்துவிட்டுப் போகவில்லையே! மேலங்கியைக் கேட்பவனுக்கு உள்ளங்கியையும் கொடு என்பதா? வீரன்தான் மிச்சத்தைத் தொடாமல் காத்து வைத்திருக்கிறானே! எந்தப் பாடமும் அந்தச் சாம்பல் கோட்டில் பொருந்தவில்லை. பொருந்தாத பாடத்தைப் பிரசங்கிப்பதைவிட, செய்தவனிடமே கேட்டுவிடலாம் என்று எழுந்தார். கோபம் எப்போதோ கழன்றுபோயிருந்தது. அறிய வேண்டும் என்ற ஆவல் ஒன்றே அவரை நடத்திச் சென்றது.

வீரன் வீட்டுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தான். மறுக்கவில்லை, மழுப்பவுமில்லை.

“எடுத்ததைக் கேக்க வரல வீரா. குறி ஏன் போட்ட?”

வீரன் கோடரியை ஊன்றி நின்றான். “காவலு இல்லாம கெடந்துச்சுங்க. நான் அள்ளுன பள்ளத்தப் பாத்துட்டு இன்னொருத்தனும் வந்து அள்ளுனா, அப்புறம் நீங்க இன்னா துன்னுவீங்க?”

“உன் விரல் காட்டிக்கொடுக்குமே, தெரியாதா?”

“அத்த யோசிக்கல. கை பழக்கம்.”

“அப்போ ஏன் அள்ளுன?”

அவன் பிளந்த விறகை ஓரமாகத் தள்ளினான். பிறகு, “எனக்கு வர்றத அள்ளிக்கினேன். நேத்து சாயந்திரம் களத்துமேட்ல முறத்தோட நின்னேன். நீங்க என்னைப் பாத்து தோத்திரம்னீங்க. முறத்தைப் பாக்கல” என்றான்.

உபதேசியாருக்குச் சுருக்கென்று தைத்தது. குறி இடுவதற்கு முன்னால் நிலமில்லாதவர்களுக்கு ஆளுக்கொரு முறம் தானியம் போடுவது அந்தக் களத்தின் வழக்கம். முறம் போட்ட கையோடு சாம்பலைத் தொடுவார்கள். இரண்டும் ஒரே சடங்கு. ஒன்றில் மலைத்தெய்வத்தின் பெயர் இருந்ததால், இரண்டையும் சேர்த்தே அவர் தள்ளிவிட்டார்.

ஒற்றையடிப் பாதையில் திரும்பி நடந்தபோது அவருடைய நெஞ்சு அவரையே கூண்டில் ஏற்றியது. அறுவடையில் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடு என்று மோசே இட்ட சட்டத்தை மேடை மேடையாக முழங்கியவன் யார்? அந்தச் சட்டத்தை, வேதம் படிக்காத இந்த மலை, முறத்தில் வைத்து நடத்திவந்ததே. அதை மூடநம்பிக்கை என்று மூடியவன் யார்? ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தேவதூதர் தாங்குவர் என்று சோதனைக்காரன் தூண்டியபோது இயேசு குதிக்கவில்லை. ஆனால், கர்த்தர் காவல் என்று சவால் விட்டு உச்சியிலிருந்து குதித்தவன் யார்? அதற்கு விசுவாசம் என்றல்லவா பெயர் வைத்திருந்தான்! சோதனைக்குள் விழாமல் காத்தருளும் என்று அன்றாடம் ஜெபித்துவிட்டு, பசித்தவன் கண்ணெதிரே குவியலைத் திறந்துபோட்டு அவனைச் சோதனைக்குள் தள்ளியவன் யார்? அடியார் வாழ்வில் திருடன் வருவது அடியாரின் பொறுமையைச் சோதிக்க என்றே இதுவரை எண்ணியிருந்தார். அடியாரைப் பற்றித் திருடனிடமும் ஒரு வழக்கு இருக்கக்கூடும் என்பது அவருக்குப் புதிதாக இருந்தது. புதிதாக இருந்ததாலேயே, வலித்தாலும், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

மாலையில் புளியமரத்தடியில் ஊர் கூடியது. வீரன் துண்டை இடுப்பில் கட்டி நின்றான். அவன் மனைவி குப்பம்மா சற்றுத் தள்ளி, மண்ணைப் பார்த்தபடி நின்றாள்.

கவுண்டர் கேட்டார். உபதேசியார் எழுந்தார்.

“வீரன் எடுத்தான். என்னைக் கேக்காம எடுத்தான். அது தப்பு. ஆனா அவனுக்கு முந்தி தப்பு செஞ்சவன் நான். முறத்தோட வந்தவனை வெறுங்கையோட அனுப்பினேன். களத்து முறம் போடாதவனுக்கு இந்த ஊர்ல என்ன தண்டனை? அதை மொதல்ல சொல்லுங்க.”

கூட்டம் சலசலத்தது. கவுண்டர் தாடையைத் தடவினார்.

“அப்படி ஒருத்தன் இதுவரைக்கும் இந்த மலையில பொறக்கல. அதனால தண்டனையும் பொறக்கல” என்றார்.

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் இறுக்கம் சற்றே தளர்ந்தது. பெரியவர்கள் நெடுநேரம் பேசினார்கள். முறம் மறுத்ததும் குற்றம், கேளாமல் அள்ளியதும் குற்றம் என்று முடிந்தது. உபதேசியார் விடுபட்ட முறங்களை நாளையே போட வேண்டும். வீரன் அடுத்த உழவில் அவர் நிலத்தில் உழைத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் விலக்கு விழாமல் இருக்க வழி ஒன்றே ஒன்று: பறிகொடுத்தவர் இன்றைக்கே, விளக்கு வைக்குமுன், எடுத்தவன் வீட்டில் உண்ண வேண்டும். அவர் கை நனைக்காத வீட்டில் ஊரும் நனைக்காது.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். காரணம் இருந்தது. தெய்வத்துக்குப் படைத்த சோறாக இருக்கும் என்று அஞ்சி, இத்தனை ஆண்டுகளில் அந்த மலையின் எந்த வீட்டிலும் அவர் ஒரு வாய்கூட உண்டதில்லை. அறுவடை நாளிலோ படைக்காமல் எவர் வீட்டிலும் சோறு இறங்காது. குப்பம்மா முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

சலோமி அவர் காதருகில் குனிந்தாள். “போறீங்களா, நான் போவட்டுமா?”

“ரெண்டு பேரும் போவோம்” என்றார்.

தாழ்ந்த கூரை. குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது. வாசலில் பாதி ஊர் நின்று எட்டிப் பார்த்தது. குப்பம்மா பாய் விரித்து, அலுமினியத் தட்டில் ஆவி பறக்கும் சாமைச் சோற்றை வைத்தாள். படைத்ததா என்று உபதேசியார் கேட்கவில்லை; கேட்காமல் இருப்பது அவருக்கு எளிதாகவும் இல்லை. கண்களை மூடினார். அன்றாட ஆகாரத்துக்காக நன்றி சொல்லத் தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார். கொடுத்தவர் யார், எடுத்தவர் யார், யாருக்கு யார் விருந்து என்று அவருக்கே விளங்கவில்லை. விளங்காமலே ஆமென் என்றார். முதல் கவளத்தை எடுத்து உண்டார்.

வாசலில் நின்றவர்கள் மூச்சு விட்டார்கள். வீரன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தட்டு காலியானதும் குப்பம்மா அகப்பையோடு வந்தாள். வேண்டாம் என்று அவர் கையால் தட்டை மறைத்தார்.

“கூச்சப்படாம துன்னுங்க உபதேசியாரே. உங்க சாமைதான்” என்றாள்.

சலோமி வாய்விட்டுச் சிரித்தாள். உபதேசியார் கையை விலக்கித் தட்டை நீட்டினார்.