இருபதாவது கண்

பலூனைப் பார்க்காமலே பலூன் எங்கே இருக்கிறது என்று சொல்லப் பத்தொன்பது பேரைப் பழக்கும் பொறுப்பு ஜெயவேலுவின் தலையில் விழுந்தது. அவன் பி.எஸ்ஸி. பௌதிகம், இரண்டாம் வருஷம். பத்தொன்பது பேரும் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்லூரி மைதானத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் வரிசையாக நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஞானஸ்நானத்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தது. முன்னால் மூன்று கால் ஊன்றித் தியோடலைட் நின்றது. பலூனை விடாமல் துரத்திக்கொண்டே போகும் ஒற்றைக்கண் தொலைநோக்கி அது.

“கண்ணை இங்க வெச்சுக்கணும். இந்தத் திருகு பக்கவாட்டுல திருப்பும், இது மேல தூக்கும். உள்ளே சிலுவை மாதிரி ரெண்டு கோடு தெரியுதில்ல? பலூன் அதுமேல வந்து உக்காந்த உடனே இந்த வட்டத்தைப் பாத்து ரெண்டு எண் சொல்லணும். திசைக்கு ஒண்ணு, உயரத்துக்கு ஒண்ணு.”

“வந்து உக்காரலைன்னா?” என்றான் சாலமோன். கல்லூரி நாடகங்களில் எல்லாம் ராஜா வேஷம் அவனுக்குத்தான். வேஷம் கலைத்த பிறகும் அந்தக் குரலைக் கழற்றமாட்டான்.

“உக்காரலைன்னாலும் ரெண்டு எண் சொல்லணும்” என்றார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பேராசிரியர் வேதசிரோமணி.

ஆரோன் நினைவுக் கல்லூரி, தாம்பரத்தைத் தாண்டி இரும்புலியூர்ப் பக்கம் ரயில்பாதையை ஒட்டி இருந்தது. மற்றக் கல்லூரிகள் ஹாக்கிக்கோ ரேங்குக்கோ பெயர் வாங்கின. ஆரோன் கல்லூரி கிராண்டுக்குப் பெயர் வாங்கியது. எங்கே எந்தப் புண்ணியவான் எதற்குப் பணம் கொடுக்கிறான் என்று தெரிந்தால் போதும், கல்லூரிக்கு அந்தத் துறையில் நெடுநாள் ஆர்வம் உண்டு என்பது அன்று மாலைக்குள் தெரியவந்துவிடும். அப்படித்தான் விலங்கியல் துறைக்கு முட்டை பொரிக்கும் பெட்டி வந்தது. ஒரு குஞ்சும் பொரியவில்லை. மார்கழிக் குளிரில் ஹாஸ்டல் சமையல்காரர் தோசை மாவை அதில் வைத்துப் புளிக்கவைத்தார். பூகோளத் துறைக்கு ஏரியை அளக்கப் படகு வந்தது. ஏரியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் படகின் சாவியைக் காணோம், சாவி கிடைக்கும் மாதங்களில் தண்ணீரைக் காணோம். வராந்தாவில் கிடந்த அந்தப் படகுக்குள் சாய்ந்துகொண்டு பையன்கள் பரீட்சைக்குப் படித்தார்கள். நிறைய பேர் அதில் ஆழ்ந்து தூங்கி, அக்கரை சேராமலேயே எழுந்து வந்திருக்கிறார்கள்.

இப்போது வந்திருந்தது டெல்லி அறக்கட்டளை ஒன்றின் அறிவிப்பு. பாதி நாள் படிப்பு, பாதி நாள் கம்பெனிகளில் சம்பளத்தோடு வேலைப் பயிற்சி. ஏற்கெனவே சிறிய அளவில் இதை நடத்தும் கல்லூரிகளுக்கு, பெரிதாக்கப் பணம். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய வருஷம் அது. லெட்டர் பேடில் இன்னும் மெட்ராஸ் என்றே இருந்தது. அதை அடித்துத் திருத்தி வேதசிரோமணி விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்ய வைத்தார். உண்மையில் சிறிய அளவில் நடத்தியும் பார்த்திருந்தார். மூன்று பேரை அனுப்பினார். பல்லாவரம் தோல் மண்டி ஆபீசுக்குப் போனவன் வாசனை தாங்காமல் மூன்றாம் நாள் திரும்பி வந்து ஒரு வாரம் சாப்பிடவில்லை. கிண்டியில் மின்விசிறி செய்யும் பட்டறைக்குப் போனவன் வேலை ரொம்பப் பிடித்துப்போய் அங்கேயே நின்றுவிட்டான், கல்லூரிப் பக்கமே வரவில்லை. அவனைத் திட்டத்தின் முழு வெற்றி என்று காட்டலாமா என்று வேதசிரோமணி இரண்டு ராத்திரி யோசித்தார். மிச்சம் ஜெயவேலு ஒருவன். விண்ணப்பத்தில் இருபது என்று இருந்தது.

“பொய் இல்லப்பா” என்றார் அவனிடம். “இப்போ நீ இருக்கே. கிராண்ட் வந்தா இருபது பேர் இருப்பாங்க. வரப்போறவங்களைக் கொஞ்சம் சீக்கிரமா கூப்பிட்டுட்டேன், அவ்வளவுதான்.”

ஜெயவேலுவின் வேலை, வேலை மாதிரியே இருக்காது. வண்டலூர்ப் பக்கம் ஒரு கம்பெனி தொழிற்சாலை கட்டுவதாக இருந்தது. கட்டினால் அதன் புகை எந்த ஊர்மேல் போகும் என்று தெரிய, ஒரு வருஷம் காற்றை அளக்கச் சொல்லியிருந்தது. விமான நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுத் தினமும் பிற்பகலில் கல்லூரி மைதானத்திலிருந்து ஒரு பலூன் விடவேண்டும். வாயு அடைக்கக் கம்பெனி சவுரிமுத்து என்ற காக்கிச்சட்டை ஆளைப் போட்டிருந்தது. கண் வைக்க ஜெயவேலு.

வானம் நீலமாக இருந்தால் வெள்ளை பலூன், மேகமாக இருந்தால் சிவப்பு. சவுரிமுத்து கையை விட்டதும் அது ஒரு கணம் தயங்கும், எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரி. பிறகு மரத்தின் தலையைத் தாண்டும். அதற்குப் பிறகு உலகத்தில் ஜெயவேலுவுக்கு வேறு எதுவும் கிடையாது. வட்டமான வானம், நடுவில் சிலுவைக் கோடு, அதன்மேல் நடுங்கிக்கொண்டு ஒரு வெண்முத்து. காது தன் பாட்டுக்கு மின்சார ரயிலின் சத்தத்தைக் கேட்கும். அது வேறு யாருடைய காதோ. அவன் மெல்ல மெல்லப் பலூனாகிவிடுவான். அங்கிருந்து பார்த்தால் ரயில்பாதை ஒரு கோடு, அடையாறு ஒரு நூல், அனகாபுத்தூரில் காயப்போட்ட சேலைகள் சிதறின பூ, குன்றத்தூர்க் கோயில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு. மைதானத்தில் ஒரு புள்ளி தலையை நிமிர்த்தி நிற்கும். அது தான்தான் என்று அவனுக்குத் தெரியும். அந்தப் புள்ளியை ஒருவரும் ‘அடுத்து என்ன செய்யப்போறே’ என்று கேட்கமாட்டார்கள்.

மேகத்துக்குள் பலூன் போய்விட்டால் ‘மறைந்தது’ என்று எழுதி அதோடு நிறுத்திவிட வேண்டும். அது கம்பெனி விதி. சவுரிமுத்துவுக்கு மிகவும் பிடித்த விதியும் அதுதான். “மேகம் வந்துச்சுன்னா நமக்கு லீவு நைனா. போ, வூட்டுக்குப் போ” என்று பீடி பற்றவைப்பார்.

வீடு என்பது குரோம்பேட்டையில் அக்காவின் வீடு. அக்காவின் கணவர் சாம்பசிவன் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். “கிண்டில ஸ்டோர்ஸ்ல ஒரு எடம் பேசி வெச்சிருக்கேன் மச்சான். ஜூன்ல வந்து உக்காந்துடு. மூணாவது வருஷமும் படிச்சு என்ன, நட்டு போல்ட்டை இங்கிலீஷ்லயா எண்ணப்போறே?” என்பார், சாதத்தில் தானே ரசத்தை ஊற்றிக்கொடுத்தபடி. தன் ஃபீஸைத் தானே கட்டுகிறவரைக்கும் படிக்கலாம் என்று பேச்சு முடிந்திருந்தது. கம்பெனியின் காற்றளப்பு மே மாதத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால் கல்லூரிதான் கொடுக்கவேண்டும். கல்லூரிக்கு டெல்லி கொடுக்கவேண்டும். டெல்லியிலிருந்து வருகிற ஒருவர் தலையை எந்தப் பக்கம் ஆட்டுகிறாரோ, அந்தப் பக்கம் ஜெயவேலுவின் ஜூன் மாதம் இருந்தது.

வந்தவர் ஸ்ரீநிவாசராகவன். வயசானவர். சின்ன உருவம், பெரிய மூக்குக் கண்ணாடி. அவர் முன்வாசல் வழியாக ஒவ்வொரு துறையாகப் போனார். கல்லூரியில் மெத்தை வைத்த நாற்காலிகள் மொத்தம் பன்னிரண்டு. அவை கொல்லைப்புறம் வழியாக அவருக்கு முன்னால் ஒவ்வொரு துறையாக ஓடின. எந்த அறைக்குப் போனாலும் அதே கிழிசல் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்து அவர் மனதில் என்ன நினைத்தாரோ, உட்காருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழிசலைத் தொட்டுப் பார்த்தார். பழகியவரைப் பார்த்தது மாதிரி.

மைதானத்துக்கு வந்தபோது மணி நான்கு. மேற்கே வெள்ளை மேகங்கள் மந்தையாக நகர்ந்துகொண்டிருந்தன. சவுரிமுத்து சிவப்பு பலூனை எடுத்தார்.

வேதசிரோமணி அவர் காதோரம் போனார். “சிவப்பு வேண்டாம்ப்பா. டெல்லிலேருந்து வந்திருக்கார், வேற மாதிரி நினைச்சுக்குவார்.”

“இன்னா சார் பேஜாரு? மேகம் கீது பாரு. வெள்ளைய உட்டா பால்ல போட்ட சக்கரை மாதிரி காணாப்பூடும்.”

“வெள்ளை. சமாதானம்.”

சவுரிமுத்து ஜெயவேலுவைப் பார்த்தார். பிறகு சமாதானத்துக்கு வாயு அடைத்தார்.

வெள்ளை பலூன் வழக்கம்போல் ஒரு கணம் தயங்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு பையன் முன்னால் வந்து, கண் வைத்து, இரண்டு எண்களைச் சொன்னான். ஜெயவேலு பக்கத்தில் பலகையை வைத்துக்கொண்டு எழுதினான். அவன் முறை கடைசி. முதல் நாலைந்து பேர் நிஜமாகவே பார்த்தார்கள். ஒருவன் “அய்யோ, எவ்ளோ அழகா இருக்கு” என்று சொல்லி, பேராசிரியர் இருமியதும் எண்ணைச் சொன்னான். ஏழாவது ஆள் குனிந்தபோது ஜெயவேலு வெறும் கண்ணால் அண்ணாந்து பார்த்தான். பலூன் ஒரு மேகத்தின் விளிம்பைத் தொட்டது. தொட்டது, அவ்வளவுதான், அப்புறம் காணோம்.

ஏழாவது ஆள் ஒரு விநாடிகூடத் தடுமாறவில்லை. எட்டாவது ஆளும் அப்படியே. எண்கள் ஒன்றின் பின் ஒன்றாக, வாழைத்தாரில் சீப்பு மாதிரி ஒழுங்காக வந்தன. சாலமோன் முறை வந்தபோது அவன் ஒரு கண்ணை மூடிக்கொள்ளக்கூட இல்லை. வலது கையை நீட்டி, படைகளுக்கு உத்தரவிடும் குரலில் திசையையும் உயரத்தையும் அறிவித்தான். கேட்டால் பலூனே கட்டுப்பட்டு அங்கே போய் நின்றிருக்கும். ஜெயவேலுவின் பென்சில் எல்லாவற்றையும் எழுதியது. இவ்வளவு அழகான எண்களை அவன் ஒரு நாளும் எழுதியதில்லை. நிஜக் காற்று இப்படி ஒழுக்கமாக வீசாது. அது திடீரென்று திரும்பும், நின்று யோசிக்கும்.

“இருபதாவது” என்றார் வேதசிரோமணி, பெருமூச்சை அடக்கிக்கொண்டு.

ஜெயவேலு பலகையைச் சாலமோனிடம் கொடுத்துவிட்டுக் கண் வைத்தான். வட்டம். சிலுவைக் கோடு. பின்னால் ஒன்றுமே இல்லாத வெள்ளை. பத்தொன்பது எண்களும் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தன என்று அவனுக்குத் தெரியும். இருபதாவதைத் தூக்கத்தில்கூடச் சொல்லலாம். சொன்னால் ஜூன் மாதம் இங்கே. சொல்லாவிட்டால் நட்டு, போல்ட்டு. வாயைத் திறந்தான். இந்த வட்டத்துக்குள் அவனை இதுவரை யாரும் எதுவும் சொல்லச் சொன்னதில்லை. அது காட்டியதைத்தான் சொல்லியிருக்கிறான். இப்போது அது வெள்ளையாக, பொறுமையாக, அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“மறைஞ்சிடுச்சு சார்.”



“எப்போ?” என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

“ஏழாவது ஆள்கிட்ட.”

“அப்போ இவாள்லாம் சொன்னது?”

வேதசிரோமணி முன்னால் வந்தார். அவர் முகத்தில் கலவரம் இல்லை. பதினோரு கிராண்டுகள் பார்த்த முகம் அது. “எக்ஸ்ட்ராபொலேஷன் சார். தெரிஞ்ச எண்ணை வெச்சுத் தெரியாத எண்ணைச் சொல்றது. உயர்ந்த கணக்கு. எங்க பசங்க சீக்கிரமே கத்துக்கிட்டாங்க.”

ஸ்ரீநிவாசராகவன் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டார். பிறகு ஜெயவேலுவிடம் திரும்பினார். “நீ ஏம்ப்பா கத்துக்கலே?”

ஜெயவேலு தியோடலைட்டை விட்டு விலகி நின்றான். “நான் பாத்துட்டேன் சார்” என்றான், ஏதோ குற்றம் செய்துவிட்ட மாதிரி.

மரத்தடியில் சவுரிமுத்து இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார். பன்னிரண்டு நாற்காலிகளும் அப்போதுதான் மைதானத்தின் கோடியில் தலைகளின்மேல் கால்களை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தன.

கிழவர் நாற்காலிக்குக் காத்திருக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேதசிரோமணியின் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து கண் வைத்தார். ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர் நிமிரவில்லை. இன்னொரு நிமிஷம். விரல்கள் தாமாகத் திருகைத் தேடிக் கண்டுபிடித்தன. மெல்ல, ரொம்ப மெல்ல, ஒரு மயிரிழை திருப்பின. வாய் சற்றே திறந்திருந்தது. ரயில் ஒன்று தாம்பரத்துக்குள் நுழைந்து மூச்சு விட்டது.

“இருக்கே” என்றார்.

சாலமோன் பலகையும் கையுமாக அண்ணாந்து பார்த்தான்.

“மேகத்துக்குள்ளே ஒரு சந்து மாதிரி... அதோ, அதுக்கு அந்தண்டை. வெள்ளையா. ஆடறது.” குரல் அவர் வயசில் பாதியாகிவிட்டது. “பேஷ், பேஷ். நிக்கறதுடா! எழுதிக்கோ.”

அவர் ஓர் எண் சொன்னார். பிறகு இன்னொன்று. பத்தொன்பது பேரின் எண்களோடு அவை சேரவில்லை. திசை எங்கேயோ திரும்பியிருந்தது, கடல் பக்கமாக.

சாலமோன் பலகையை அவசரமாக ஜெயவேலுவிடமே திருப்பிக் கொடுத்தான். ஜெயவேலு பென்சிலை எடுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். மேகத்தில் சந்து இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மறைந்த பலூனை அவன் திரும்பக் கண்டதே இல்லை. தேடிப்பார்த்ததும் இல்லை, எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

“எழுதிண்டியா?” என்றார் அவர், கண்ணை எடுக்காமல்.

மேலே, இருந்தால், அது போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து பார்த்தால் ரயில்பாதை ஒரு கோடு, ஏரி ஒரு காய்ந்த தழும்பு. ஒரு மரத்தைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள், பன்னிரண்டு நாற்காலிகளை அப்படி அப்படியே தலையில் நிறுத்திக்கொண்டு நிற்கும் புள்ளிகள், பீடியை எடுத்துவிட்டு அண்ணாந்திருக்கும் காக்கிப் புள்ளி ஒன்று, ஒரு கண்ணாடியின் மின்னல். எல்லா முகங்களும் மேலே. ஒரு தலை மட்டும் கவிழ்ந்து, இருபதாவது வரி இன்னும் காலியாக இருந்த ஒரு வெள்ளைத் தாளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.