தனி பாத்ரூமோடு ஒரு பின்னறை

சாவிக்கொத்து என்று ஊரே கூப்பிடும் அந்த வீட்டுத் தரகருக்கு இடுப்பில் எப்போதும் இருபது வீட்டுச் சாவிகள் தொங்கும். நோய் வந்து ஊர் கதவைச் சாத்திக்கொண்டதும் அவருடைய பிழைப்பு படுத்துவிட்டது. படுத்ததை எழுப்பி உட்கார வைக்க அவர் கண்டுபிடித்த மந்திரம் ஒன்றே ஒன்றுதான். "தனி பாத்ரூமோட ஒரு ரூம் இருக்குங்க. வீட்டுல ஒருத்தருக்கு வந்தாலும் மத்தவங்க தப்பிச்சிக்கலாம்."

கணக்கு டீச்சரின் வீட்டில் அப்படி ஒரு அறை இருந்தது. சமையலறைக்குப் பின்னால், டியூஷன் பிள்ளைகளுக்காக அவள் கணவர் கட்டியது. பிள்ளைகள் போடும் கூச்சல் வீட்டுக்குள் வரக்கூடாது என்று டீச்சர்தான் அடம்பிடித்து கனமான சுவரும் தடித்த கதவும் கேட்டு வாங்கினாள். முன்பெல்லாம் வீடு பார்க்க வருகிறவர்கள் அதை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது நேராக அங்கேதான் போகிறார்கள்.

அந்த அறையில்தான் அவள் கணவர் பதினோரு நாள் தனியாகக் கிடந்து, பன்னிரண்டாம் நாள் செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் படுக்கை காலி இல்லை, வீட்டிலேயே ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் ஒளிவு மறைவு தெரியாதவள். முதலில் வந்தவரிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். குடிக்கக் கொடுத்த தண்ணீரைத் தொடாமல் அவர் வாசலுக்கு ஓடினார். இரண்டாவது ஆள் கெட்டிக்காரர், எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று பாதி விலைக்குக் கேட்டார். மூன்றாவது ஆளுக்கு முனைக் கடைக்காரரே சேதி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். இலவசமாகச் செய்கிற ஒரே வியாபாரம் அவருக்கு அதுதான்.

"நாலாவது பார்ட்டி வருது டீச்சர். இந்தத் தடவை நீங்க வாயே திறக்கக் கூடாது," என்று போனில் கெஞ்சினார் சாவிக்கொத்து. "சார் வெளியூர்ல இருக்காருன்னு நான் சொல்லிக்கிறேன். நீங்க தலைய ஆட்டினா போதும். சார் போட்டோவையும் கொஞ்சம் எடுத்து வச்சிடுங்க."

அவள் மறுக்கவில்லை. அந்த வீட்டில் இன்னும் ஒரு மாதம் இருந்தால் தனக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. பகல் ஒரு மணிக்கு மேல் தெருவில் இறங்கக்கூடாது. அண்டை அயலார் இவள் பக்கத்து ஜன்னல்களைத் திறந்தே இரண்டு மாதமாகிறது. முன்கூடத்திலேயே சாப்பாடு, முன்கூடத்திலேயே படுக்கை. அவளுடைய அக்கா வீட்டுக்கு எதிரே ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. மாதக் கடைசி வரை காத்திருப்பதாக அதன் உரிமையாளர் வாக்குக் கொடுத்திருந்தார். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. கணவரின் படத்தைக் கழற்றி அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்தாள்.

வந்தவர்கள் ஒரு நர்ஸும் அவள் கணவரும். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பள்ளி மூடியதிலிருந்து பஸ்ஸை விட்டு அடுப்பை ஓட்டுகிறாராம். அதை அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். நர்ஸின் மூக்கில் முகக்கவசம் அழுத்திய தடம் காய்ப்பேறிக் கிடந்தது.

"இங்க யாருக்காவது வந்துச்சாங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"சேச்சே," என்று முந்திக்கொண்டார் சாவிக்கொத்து. "சார் வெளியூர்ல மாட்டிக்கிட்டாரு. டீச்சருக்கு ஒரு தும்மல்கூட கிடையாது."

டீச்சர் தலையாட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு மனிதனை மறைக்க ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பின்னறையைப் பார்த்ததும் நர்ஸின் முகம் மலர்ந்தது. ஜன்னலைத் திறந்து பார்த்தாள், பாத்ரூம் குழாயைத் திருகிப் பார்த்தாள்.

"எனக்குத்தாங்க இந்த ரூம். நாலு மாசமா கார் ஷெட்டுல படுக்கிறேன். புள்ளைங்களைத் தொட்டே நாலு மாசமாச்சு. இங்கன்னா ஜன்னல் வழியா அதுங்க மூஞ்சியாவது பாக்கலாம்." சொல்லிவிட்டுக் கதவை மூடித் திறந்தாள். "கதவு ரொம்ப கனமா இருக்கே. எனக்கே முடியாமப் போயி கூப்பிட்டா, சமையல்கட்டுல இருக்கிற இவருக்குக் கேக்குமா?"

"ஏன் கேக்காது? நீங்க அங்க போய் நில்லுங்க," என்று சாவிக்கொத்து உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஏலம் விட்டுப் பழகிய தொண்டை. "சார், கேக்குதா? சார்!"

எல்லோருக்கும் கேட்டது. பஸ் டிரைவர் சிரித்தார். வெள்ளிக்கிழமையே பத்திரம் எழுதிவிடலாம் என்றாள் நர்ஸ். வெளியே வந்த சாவிக்கொத்து ஜெயித்த முகத்தோடு டீச்சரைப் பார்த்தார். அவள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. இன்னும் பத்து நிமிஷம் சும்மா நின்றால் போதும், இந்த வீடு அவளை விட்டுவிடும்.

கணவர் செத்துப்போன அந்தப் பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் காய்கறி கழுவிக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் குழாயடியில் காட்டித் தேய்த்துக் கழுவச் சொல்லியிருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள். பால் பாக்கெட்டுக்குக்கூட சோப்புப் போட்டாள். புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம். கஞ்சியோடு போய்க் கதவைத் திறந்தபோது அவர் கட்டிலில் இல்லை, கதவடியில் கிடந்தார். போன் கட்டிலுக்கடியில் விழுந்திருந்தது. கூப்பிட்டாரா, கூப்பிடாமலே போனாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கூப்பிட்டிருக்க மாட்டார் என்று தினமும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளும் நம்பியதில்லை.

"ஏம்மா," என்றாள் நர்ஸிடம். "தெம்பா இருக்கிறவர் கத்தினா கேக்கத்தான் செய்யும். மூச்சு வாங்குறவங்க எப்படிக் கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியுமில்ல?"

நர்ஸ் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "தெரியும்."

"உள்ள போயி அப்படிக் கூப்பிடும்மா."

"டீச்சர், அதெல்லாம் எதுக்கு, அவங்களுக்குத்தான் திருப்தி ஆயிடுச்சே," என்றார் சாவிக்கொத்து. அவர் குரல் இறங்கியிருந்தது. டீச்சர் அவர் பக்கம் திரும்பவில்லை. நர்ஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். டீச்சர் புகைபோக்கி விசிறியைப் போட்டாள். தொட்டியின் மேல் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் தகரத்தில் விழும் சத்தம் சமையலறையை நிறைத்தது.

மூன்று பேரும் நின்றார்கள். பஸ் டிரைவர் கழுத்தைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார். ஒரு எட்டு எடுத்துவைத்து மறுபடியும் காதைக் கொடுத்தார். உதட்டைப் பிதுக்கினார். டீச்சர் தன் உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு நின்றாள். விசிறி சுற்றியது, தண்ணீர் விழுந்தது. வேறு எதுவும் இல்லை.

கதவு திறந்தது. நர்ஸ் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தாள்.

"மூணு வாட்டி கூப்பிட்டேன்," என்றாள் கணவரிடம். "பேரச் சொல்லிக் கூப்பிட்டேனே. கேக்கலையா?"

பஸ் டிரைவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டீச்சர் பேசிவிட்டாள். அவள் பார்வை நர்ஸைத் தாண்டி அறைக்குள் போயிருந்தது.

"கேக்கலைங்க," என்றாள். "சத்தியமா எனக்குக் கேக்கலைங்க."