ரங்கெல் குனிந்து அடித்த கோல்

அன்று உடை மாற்றும் அறையில் இருந்தவர்கள்: பச்சைச் சட்டையில் நாங்கள் பதினோரு பேர். கோல் காவலன் நான், லூபென். என் முன்னால் நின்று தடுப்பவன் போக்தான், வாய் மூடாதவன். கால் பிடித்துவிடும் கிழவர் ஒருவர், ஏற்கெனவே ராக்கியாச் சாராய வாடையுடன். ஈரக் கோட்டைக் கழற்றாமல் கதவோரம் நின்ற சங்கத் தலைவர் தோழர் குன்செவ். ஒன்பதாம் எண் கொக்கியில் ஒரு தபால்காரர் மகன் சட்டையை மாட்டியிருந்தான். நல்ல பையன். கோல்தான் வராது.

அந்தக் கொக்கியின் பழைய சொந்தக்காரன் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தான், தலைநகரத்து ராணுவ அணியின் அறையில். அவன் பெயர் ரங்கெல். ஊருக்குள் கூனன் என்றால்தான் தெரியும்.

ஆண்டின் கடைசி ஆட்டம். ராணுவ அணி ஏற்கெனவே கோப்பையை வென்றுவிட்டது. அவர்களுக்கு இது பொழுதுபோக்கு. எங்களுக்கு ஒரு புள்ளி வேண்டும். ஆட்டத்தைச் சமன் செய்தால் முதல் பிரிவில் நீடிப்போம். தோற்றால் கீழே. விதோஷா மலையின் புறமுதுகில், கரித்தூசியைத் தின்று வாழும் எங்கள் ஊருக்கு முதல் பிரிவில் ஓர் அணி இருப்பதுதான் தலைநகர் சோஃபியாக்காரன் முன்னால் நெஞ்சை நிமிர்த்த இருந்த ஒரே காரணம்.

"பயப்படாதீங்க" என்றார் குன்செவ். "நான் அவன்கிட்ட பேசிட்டேன்."

அவர் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். நண்பன் முகத்தைப் பார்த்தால் இளகுவான் என்று என்னையும் இழுத்துப் போயிருந்தார். மைதான வாசலில், மழைநீர் சொட்டும் தகரத்தின் கீழே, ரங்கெல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"ரங்கெல், நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று தொடங்கினார் குன்செவ்.

"உங்களுக்குத் தெரியாதா தோழர்? எங்கப்பா வெலின். போன வாரம்கூட அவரோட உட்கார்ந்து குடிச்சீங்களே."

"விளையாடாதே. உங்க ஆளுங்களுக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் இல்ல. எங்களுக்கு உயிர். நீ ஒண்ணும் பெரிசா செய்ய வேணாம். கொஞ்சம் மெதுவா ஓடு. கொஞ்சம் தள்ளி அடி. யாருக்குத் தெரியப்போகுது?"

ரங்கெல் என்னைப் பார்த்தான். நான் தகரத்தைப் பார்த்தேன்.

"பூட்ஸ் கட்டணும் தோழர்" என்று சொல்லிக் குனிந்தான். அவ்வளவுதான் சொன்னான்.

குன்செவ் என் தோளைத் தட்டினார். "பார்த்தியா? சம்மதிச்சுட்டான். வாய்விட்டுச் சொல்ல முடியாதுல்ல, பாவம்." பூட்ஸ் கட்டி முடிப்பதற்குள் அந்தச் செய்தி சீட்டு விற்பவளுக்குத் தெரிந்திருந்தது, நாங்கள் உடை மாற்றி முடிப்பதற்குள் மொத்தக் கூட்டத்துக்கும்.

ரங்கெலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினைந்து வயதில் அவன் சுரங்கத்துக்குள் போனான். அப்பா கூரைக்கு மரம் முட்டுக் கொடுப்பவர். மகன் அந்த மரங்களைத் தோளில் வைத்துத் தாழ்ந்த பாதைகளில் சுமந்து போவான். அங்கே நிமிர்ந்தவனுக்கு மண்டை உடையும். நாங்கள் எல்லோரும் உள்ளே குனிந்தோம், வெளியே வந்ததும் நிமிர்ந்தோம். அவன் மட்டும் வெளியேயும் குனிந்தே நடந்தான். பெண்கள் சிரித்தார்கள். அவன் கவலைப்படவில்லை.

அந்தக் கூனல்தான் அவன் ஆட்டம். உயரமாக வரும் பந்துக்கு மற்றவர்கள் எழும்பி, முகத்தை நிமிர்த்தித் தலையால் அடிப்பார்கள். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து கரி மேட்டில் விழும். ரங்கெலும் எழும்புவான். உச்சிக்குப் போனதும் மோவாய் மார்பில் முட்டுமளவு குனிந்து, பந்தைத் தரையில் குத்துவான். கோட்டுக்கு ஓரடி முன்னால் விழுந்து துள்ளும் பந்தை எந்தக் காவலனும் பிடிக்க விரும்ப மாட்டான். அந்தக் காலத்துப் பந்தின் வாயைத் தோல் கயிற்றால் தைத்திருப்பார்கள். மழையில் அது செங்கல்போல் கனக்கும். தையல் பக்கம் பட்டால் நெற்றி கிழியும். அவன் நெற்றியில் உழுத நிலம்போல் கோடுகள் இருந்தன. பயிற்சியில் ஆறு வருடம் நான் அந்தக் குத்துகளை வாங்கியிருக்கிறேன். எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்: எப்போதும் என் இடது கால் பக்கம்.

சுரங்கத் தொழிலாளி என்பதால் அவனுடைய ராணுவச் சேவையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு ஒரு ஞாயிறு அவன் ராணுவ அணிக்கு எதிராக மூன்று கோல் போட்டான். மறு வாரமே சேவைக்கு அழைப்பு வந்துவிட்டது. "ரெண்டோட நிறுத்தியிருந்தா வீட்டுலயே இருந்திருப்ப" என்றான் போக்தான். ரங்கெல் மரப்பெட்டியோடு ரயிலேறினான். சேவைக் காலம் முடிந்தும் அவர்கள் விடவில்லை. துப்பாக்கி தொடாமலே அதிகாரி ஆகிவிட்டான்.

இரண்டு அணிகளும் மைதானத்துக்குள் போக ஒரே ஒரு சந்துதான். சந்தின் முனையில் அவன் அம்மா தெஸ்பா செம்புக் குடத்தோடு நின்றிருந்தாள். வெளியே கிளம்புகிறவர் வழியில் நீர் ஊற்றினால் போகிற காரியம் நீர்போல் ஓடும் என்பது எங்கள் வழக்கம். மகன் எங்கள் அணியில் ஆடிய நாள் முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஊற்றுகிறாள். அவன் போன பிறகும் நிறுத்தவில்லை. இன்று எல்லோர் கண்ணும் குடத்தின்மேல்.

"தெஸ்பாம்மா, யாருக்கு ஊத்தப் போற?" என்று யாரோ கத்தினார்கள்.

"உன் வாய்ல ஊத்தறேன் வா" என்றாள். குடத்தைக் கவிழ்த்தாள். சந்து சரிவானது. தண்ணீர் இரண்டு அணிகளின் பூட்ஸையும் நனைத்துவிட்டு ஓடியது.

"போச்சு" என்றான் போக்தான். "ரெண்டு பேருமே ஜெயிக்கப் போறோம்."

முதல் பாதியில் கோல் இல்லை. மைதானம் சேறு. கூட்டம் காகிதக் கூம்பிலிருந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. போக்தான் ரங்கெலின் காலை இரண்டு முறை வெட்டினான். இரண்டு முறையும் அவன் எழுந்து, போக்தானின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினான்.

"உன் தங்கச்சிகூட இதைவிடப் பலமா உதைப்பாடா" என்றான் ரங்கெல்.

"அவகிட்டயும் வாங்கியிருக்கியா? சொல்லவே இல்லையே."

இரண்டாம் பாதி நடுவில் அது நடந்தது. வலது பக்கத்திலிருந்து பந்து குறுக்கே வந்தது. நான் சேற்றில் விழுந்து கிடந்தேன். கோல் திறந்து கிடந்தது, ரங்கெல் முன்னால் ஆளே இல்லை. ஊன்றிய கால் வழுக்கியது. பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று.

கூட்டம் கைதட்டியது.

ஒருவர் இருவர் அல்ல, மொத்தப் பார்வையாளர் மேடையும். "நம்ம பையன்டா!" என்று கத்தினார்கள். "கூனன் வார்த்தை தவற மாட்டான்!" குன்செவ் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றி அவனைப் பார்த்து ஆட்டினார். யாரோ பாட ஆரம்பித்தார்கள். அவனுடைய மூன்று கோல்களுக்கும் இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை.

ரங்கெல் மேடையைப் பார்த்தபடி நின்றான். பந்தை எடுத்து வந்து நான் கோட்டில் வைத்தேன். அவன் என் பக்கம் வந்தான்.

"எதுக்குடா தட்டறாங்க?"

"நீ வேணும்னே வெளிய அடிச்சேன்னு நெனைக்கறாங்க."

"வழுக்கிடுச்சுடா."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியலையே."

முகத்துச் சேற்றைச் சட்டைக் கையால் துடைத்தான். இன்னும் அதிகமாக அப்பிக்கொண்டது.

"அப்பா எங்க உட்கார்ந்திருக்கார்?"

"கரி மேட்டுப் பக்கம். எப்பவும் உட்கார்ற இடம்."

"அவரும் தட்டினாரா?"

நான் பார்த்தேன். கூட்டமே எழுந்து நிற்க, வெலின் மட்டும் உட்கார்ந்திருந்தார். "கை ரெண்டும் கோட்டுப் பைக்குள்ள இருக்கு" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தச் 'சரி'யை எனக்குத் தெரியும். போக்தானைக் கூப்பிட்டேன். "இனிமே அவனை விட்டு அரை அடி நகராதே."

"ஏன், அவன்தான் ஒத்துக்கிட்டானே?"

"எதை? பூட்ஸ் கட்டறதையா?"

ஆட்டம் முடியப் போகும் நேரம். அவர்களுக்கு மூலை உதை. போக்தான் ரங்கெலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடுவர் பார்க்காத பக்கமாக. பந்து உயர்ந்து வந்தது, மழையில் ஊறி, மெதுவாக. ரங்கெல் எழும்பினான். போக்தானும் சேர்ந்து எழும்பினான், பிடித்த சட்டையோடு. சட்டை கிழியும் சத்தம் எனக்குக் கேட்டது. உச்சியில் அவன் தலை குனிந்தது.

நான் சரியான இடத்துக்குத்தான் பாய்ந்தேன். அதை எவனும் மறுக்க முடியாது. இடது காலுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு ஓரடி முன்னால் விழும் என்று தெரிந்து, அது விழுவதற்கு முன்பே என் கை அங்கே போய்விட்டது. பந்து துள்ளியது. என் விரல் நுனியைத் தொட்டது. தொட்டுவிட்டு உள்ளே போயிற்று. தெரியாமல் வாங்கும் கோலில் அவமானம் உண்டு. முழுவதும் தெரிந்தும் தடுக்க முடியாத கோலில் எனக்கு அது இல்லை. அவனும் தன் முழு பலத்தையும் போட்டான், நானும் போட்டேன். அவனுடையது கூடுதல்.

அவன் வழக்கம்போல் ஒரு கையை உயர்த்தினான். நெற்றி கிழிந்து ரத்தம் மூக்கோரம் வழிந்தது. மேடையில் விதை கொறிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஒன்றுக்குப் பூஜ்யம். நாங்கள் கீழே போனோம்.

அறைக்குள் குன்செவ் கத்தினார். "துரோகி! சொந்த ஊரைப் புதைச்சுட்டான்! எங்கிட்ட சொன்னது என்ன, செஞ்சது என்ன?"

"உங்ககிட்ட அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான் தோழர்" என்றான் போக்தான், கையில் இன்னும் கிழிந்த சட்டைத் துண்டோடு. "பூட்ஸ் கட்டணும்னான். கட்டினான். நல்லா இறுக்கித்தான் கட்டியிருக்கான்."

யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ரங்கெல் பல்கேரியச் சட்டை போட்டு எத்தனையோ நாடுகளில் ஆடினான். வெளிநாட்டுக் காவலர்கள் அந்தக் குத்தைப் புரிந்துகொள்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். முப்பத்தாறு வயது வரை ஓடினான். வானொலியில் அவன் பெயர் வரும்போது, அன்று அவனைத் திட்டியவர்களே சுரங்கத்து விளக்கு அறையில் மார்தட்டிக்கொள்வார்கள்: "எங்க ஊர்க்காரன். சொந்த ஊருக்கே போட்டவன். அன்னிக்கு நான் அங்க இருந்தேன்." எங்கள் அணியும் அடுத்த ஆண்டே மேலே வந்தது, யாருடைய தயவும் இல்லாமல். ஆனால் அன்று சாயங்காலம் இதெல்லாம் யாருக்கும் தெரியாது.

ராணுவ அணியின் பேருந்து வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. ரங்கெல் அதில் ஏறவில்லை. "அம்மா பீன்ஸ் சூப் வெச்சிருக்காங்க. நான் ரயில்ல வந்துடறேன்" என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு நடந்தான்.

"ஏறுடா முட்டாளே, கொன்னுடுவாங்க" என்றார் அவர்.

"என் வீட்டுக்குப் போறதுக்கு எனக்குப் பேருந்து எதுக்கு?"

நானும் அவனோடு நடந்தேன். பின்னால் கூட்டம் வந்தது. முதலில் பத்துப் பேர். தேவாலயத்தைத் தாண்டும்போது தெரு நிறைய. ஒரு பெண் ஜன்னலிலிருந்து துப்பினாள். "சோஃபியா சோறு தின்னவனே!" என்று கத்தினார்கள். ஒரு கரித்துண்டு அவன் முதுகில் பட்டுத் தெறித்தது. அவன் திரும்பவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. வழக்கமான அதே கூனல், அதே நடை.

"நீ போடா லூபென், உன்மேலயும் விழும்."

"நான் காவலன். எல்லாம் என்மேலதான் விழும். பழக்கம்."

அடுத்த துண்டு என் காதை உரசிப் போயிற்று. "பிடிக்க வேண்டியதுதானே?" என்றான்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது கூட்டம் வேலி வரை நெருங்கிவிட்டது. கதவு சாத்தியிருந்தது. ரங்கெல் அதன் முன்னால் நின்றான். அந்த நடையில் முதல்முறையாக அவன் தயங்குவதைப் பார்த்தேன். ஊர் திட்டியது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இந்தக் கதவுதான் அவனுக்கு எல்லாம். அவன் தட்டக் கையை உயர்த்தினான், தட்டவில்லை.

கதவு உள்ளிருந்து திறந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வெலின் நின்றார். மகனின் கிழிந்த சட்டையையும் நெற்றியையும் பார்த்தார்.

"தையல் பக்கமா பட்டுச்சா?"

"ஆமாப்பா."

"ம். அந்த மொத அடி?"

"வழுக்கிடுச்சுப்பா. சத்தியமா."

"தெரியும். நான் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

அவர் மகனைத் தாண்டி வந்து படியில் நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். அதில் பாதிப் பேர் அவர் முட்டுக் கொடுத்த கூரையின் கீழே வேலை செய்பவர்கள்.

"என் மகன் தவறவிட்டப்போ கைதட்டினது யாரு?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. "தட்டினவன் முன்னால வா."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு காலும் நகரவில்லை. குன்செவின் தொப்பி பின்வரிசையில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை. யாரோ கையிலிருந்த கரியைச் சத்தமில்லாமல் கீழே போட்டார்கள்.

"அவனைத் திருடன்னு நெனைச்சுத்தானே தட்டினீங்க" என்றார் வெலின். "இந்த வீட்டுல திருடன் பொறக்கல."

திரும்பினார். ரங்கெலின் கழுத்தைப் பிடித்து, நாய்க்குட்டியைத் தள்ளுவதுபோல் உள்ளே தள்ளினார். உள்ளேயிருந்து சூப் வாசனை வந்தது. தெஸ்பா தட்டுகளை வைக்கும் சத்தம் கேட்டது. நான் கிளம்பப் போனேன்.

"நீ எங்கடா போற?" என்றார் என்னிடம். "போட்டவன் மட்டும்தான் சாப்பிடணுமா? வாங்கினவனுக்கும் பசிக்கும். வா."

நான் படியேறினேன். அவர் எனக்குப் பின்னால் கதவைச் சாத்தி, இரும்புச் சாவியை இரண்டு முறை திருப்பினார்.