ஆறாவது இடத்துக் குருகு

என் வீட்டுக்காரர் டெல்மர் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். எனக்கு அழுகை வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லக் கூடாது பாருங்கள். சர்ச்சில் வரவில்லை. தரை உறைந்து கிடந்ததால் ஏப்ரல் வரை தள்ளிப்போட்டு அடக்கம் செய்தோமே, அன்றைக்கும் வரவில்லை. ஊர்ப் பெண்கள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்டுக் கொண்டுவந்த ஹாட்டிஷ் தட்டுகள் ஆறு இன்னும் ஃப்ரீசரில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் கொடுத்தவளின் பெயர். தின்று முடித்தால்தானே தட்டைத் திருப்பிக் கொடுக்க முடியும்.

மார்ச்சில் ஒரு நாள் வெர்லின் என் வாசல் பனியைத் தள்ளிவிட வந்திருந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், டெல்மரின் சிநேகிதன். டெல்மரின் கோட்டு, ரப்பர் பூட்ஸ், உள்ளே பறவை டேப்போடு இருந்த பழைய ரிக்கார்டர் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு அவன் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

"நிஜமாத்தான் சொல்றியா மாவிஸ்? நல்லா யோசிச்சுக்கோ" என்றான்.

"யோசிக்க ஒண்ணுமில்ல. எடுத்துட்டுப் போ."

உண்மையிலேயே ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது எனக்கு.

ஜூன் வந்தது. ஜூன் என்றால் சதுப்புப் பறவைக் கணக்கெடுப்பு. எங்கள் சதுப்பு நடுவில் இடுப்பு சிறுத்து, வடக்கும் தெற்கும் அகன்று கிடக்கும். மேற்குக் கரை டெல்மருக்கும் எனக்கும், கிழக்குக் கரை வெர்லினுக்கும். பத்தொன்பது வருஷமாக இதே ஏற்பாடு. கரைக்குப் பத்து இடம். ஒவ்வொரு இடத்திலும் படகை நிறுத்தி ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அப்புறம் கோரைக்குள் ஒளிந்து கிடக்கிற பறவைகளின் குரலை டேப்பில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். அரை நிமிஷம் குரல், அரை நிமிஷம் மௌனம். உள்ளே அந்தப் பறவை இருந்தால் பதில் கொடுக்கும். கொடுத்தால் எண்ணிக்கையை எழுது. கொடுக்காவிட்டால் சைபர் போடு. கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. காலி என்றால் நாம் கேட்கவே இல்லை என்று அர்த்தம், சைபர் என்றால் கேட்டோம், அது இல்லை என்று அர்த்தம். டெல்மர் இதைச் சொல்லாத வருஷம் கிடையாது.

தாளின் கடைசியில் 'வேறு சத்தம்' என்று ஒரு கட்டம் உண்டு. காற்று, தவளை, லாரி என்று எது காதைக் கெடுத்ததோ அதை எழுத வேண்டும். டெல்மரின் அக்கா லவோன் எங்களோடு வந்த வருஷங்களில் அவர் அதில் 'லவோன்' என்று எழுதி அனுப்பிவிடுவார். தாளை வாங்குகிற ஆபீஸில் அதைப் பார்த்துச் சிரித்தார்களா, லவோன் என்றால் ஒரு வகை டிராக்டர் என்று நினைத்தார்களா, தெரியாது.

இந்த வருஷம் படகின் முன்பக்கம் லவோன்தான். எழுபத்தோரு வயது. நான் கூப்பிடவில்லை, அவளே வந்து உட்கார்ந்துகொண்டாள். மடியில் ருபார்ப் பார் என்கிற புளிப்புப் பலகாரத் துண்டுகள் அடைத்த டப்பா.

"ஆறாவது இடத்துல அந்தக் குட்டிக் குருகு கூப்பிடுமில்ல?" என்றாள், துடுப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே.

"கூப்பிட்டா கேப்போம்."

"பத்தொன்பது வருஷமும் கூப்பிட்டிருக்கு. என் தம்பி இல்லாத வருஷம்னு பாத்து கூப்பிடாமப் போயிடுமா?"

நான் படகைத் தள்ளினேன். ஆனால் எனக்கும் அதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. குட்டிக் குருகு ஒரு கையகலப் பறவை. நாணல் தண்டை இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு தானும் ஒரு தண்டு மாதிரி நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தது பத்தொன்பது வருஷத்தில் நான்கு தடவைதான். குரல் மட்டும் ஒரு வருஷமும் தப்பியதில்லை. ஒவ்வொரு தடவையும் டெல்மர் என் முழங்காலை ஒரு தட்டுத் தட்டுவார், பேசக் கூடாதே. அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அதற்கும் வராவிட்டால் இனி எதற்கும் வராது, நான் இப்படியே இருந்துவிடுவேன் என்கிற பயமும் இருந்தது. பயம் என்று சொல்கிறேன். அதுவும் தூரத்தில்தான் இருந்தது.

சனிக்கிழமை விடிகாலை நாலே முக்காலுக்குத் தொடங்கினோம். டேப் இல்லை. ஆபீஸ் அனுப்பிய குரல் பதிவு என் போனில் இருந்தது. போனில் படிக்காத செய்திகள் நாற்பத்தொன்றும் இருந்தன. ஆறுதல் சொல்கிற செய்திகளைப் படித்தால் பதில் எழுத வேண்டும். மார்ச்சிலிருந்து நான் எதையும் திறப்பதில்லை.

முதல் ஐந்து இடங்களில் வழக்கமான ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தோளில் சிவப்புப் பட்டை போட்ட கரும்பறவை கோரைக்கு ஒன்றாக உட்கார்ந்து கத்தியது. கோரைச் சிட்டு தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஓயாமல் கடகடத்தது. இருந்ததை எழுதினேன். லவோனுக்கு இத்தனை வருஷம் கழித்தும் தண்ணீரில் மிதப்பதெல்லாம் வாத்துதான்.

"அதோ ஒரு கறுப்பு வாத்து."

"வாத்து இல்ல. மூக்கு வெள்ளையா இருக்கு பாரு, தலைய ஆட்டி ஆட்டிப் போகுது. நாமக்கோழி."

"சரி, அது பக்கத்துல இருக்கறது?"

"எது?"

"இப்ப இருந்துச்சு. காணோம்."

"அப்ப முக்குளிப்பான். சொல்லாமக் கொள்ளாம அப்படியே முங்கிடும்."

"எங்க ரெண்டாவது பெரியப்பா மாதிரி" என்றாள் லவோன். வானத்தைக் காட்டி, "அது கொக்கா, நாரையா?"

"கழுத்தை மடிச்சு வெச்சுட்டுப் பறந்தா நாரை. நீட்டிட்டுப் பறந்தா பெருங்கொக்கு."

"டெல்மரும் இதையேதான் சொல்லுவான்."

"அவருதான் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு."

ஆறாவது இடத்துக்கு ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சதுப்பின் இடுப்பு இதுதான். எதிர்க்கரை முந்நூறு கஜம்கூட இருக்காது. காற்று செத்துக் கிடந்தது. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தோம். லவோன்கூடப் பேசவில்லை. போனை உயர்த்திப் பிடித்துக் குட்டிக் குருகின் குரலைப் போட்டேன். கு-கு-கு-கு என்று அடித்தொண்டையில், புறா ஒன்று தலையணைக்கு அடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி. நிறுத்தினேன். அரை நிமிஷம் ஒன்றும் இல்லை. மற்ற குரல்களையும் வரிசையாகப் போட்டு முடித்தேன். கானாங்கோழி ஒன்று மட்டும் பதில் கொடுத்தது. குருகு கொடுக்கவில்லை.

பென்சிலை எடுத்தேன்.

"இருடி. சைபர் போடாத. இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்றாள் லவோன்.

"நேரம் முடிஞ்சுது லவோன்."

"ஒண்ணுன்னு போட்டுடேன். யாரு வந்து பாக்கப் போறா? அவனுக்காக ஒரு தடவை."

"அவருக்காக அதைத்தான் செய்யக் கூடாது."

அவள் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் எதிர்க்கரைக் கோரைக்குள்ளிருந்து வந்தது. கு-கு-கு-கு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் கு-கு-கு-கு.

லவோன் திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அதுதானே? சொல்லு, அதுதானே?"

"அதுதான்."

அவள் பாட்டுக்குக் கண்ணீர் விட ஆரம்பித்துவிட்டாள். நான் தாளில் ஒன்று என்று எழுதினேன். பக்கத்தில் நேரம், ஆறு நாற்பத்தைந்து. எழுதிவிட்டுக் காத்திருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது, அது குளிர்ந்தது, அவ்வளவுதான். சரி, நான் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

குருகு நின்றது. பிறகு அதே கோரையிலிருந்து சோராக் கானாங்கோழி குதிரைக்குட்டி கனைப்பது போல இறங்கு ஸ்தாயியில் கனைத்தது. நின்றது. கொஞ்ச நேரம் கழித்து வர்ஜீனியாக் கானாங்கோழி, இரண்டு கூழாங்கல்லைத் தட்டுகிற சத்தம். அதுவும் நின்றது. லவோன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி ரசித்துக்கொண்டிருந்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அரை நிமிஷம் குரல், அரை நிமிஷம் மௌனம். அடுத்தது பெரிய குருகு வரவேண்டும். வந்தது, பழைய அடிபம்பை அடிக்கிற மாதிரி. எந்தப் பறவையும் வரிசையில் நின்று முறை வைத்துக் கூப்பிடாது.

போனைத் திறந்தேன். நாற்பத்தொன்றில் ஒன்று வெர்லினுடையது, வியாழக்கிழமை அனுப்பியது. 'இங்கே மழை. சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்கிறேன். நீ ஞாயிறு போகிறாயா? பதில் சொல்.' இரண்டு கரையும் ஒரே காலையில் போகக் கூடாது என்பது விதி. ஏன் கூடாது என்றால் இதற்காகத்தான். அடுத்தவன் போடுகிற டேப்பை நாம் பறவை என்று எண்ணிவிடுவோம். இருபது வருஷம் சதுப்பில் கிடந்தவள் நான், எண்ணிவிட்டேன்.

"லவோன், அது பறவை இல்ல. வெர்லின் டேப்பு."

"என்னது?"

"கிழக்கால அவன் போடறான். எதையும் முழுச் சத்தத்துல வெச்சாத்தான் அவனுக்குத் திருப்தி."

எதிர்க்கரையில் முக்குளிப்பானும் கூவி முடிந்தது. வரிசையில் அதுதான் கடைசி. நான் பென்சிலைத் தாளில் வைத்தேன். அப்போது தண்ணீருக்கு மேலே, யாரோ அடுத்த அறையிலிருந்து பேசுகிற அளவுக்கு, ஓர் ஆள் குரல் வந்தது.

"அவ்வளவுதான். கேட்டுதுன்னா எழுது. கேக்கலேன்னா சைபர் போடு. காலியா மட்டும் விட்டுடாத, மாவிஸ்."

டெல்மரின் குரல். மார்ச்சில் நான் பெட்டியில் போட்டுக் கொடுத்த டேப். பறவை வரிசை முடிகிற ஒவ்வொரு தடவையும் இது வரும்படி அவரே பேசிப் பதிவு செய்திருந்தார். பத்தொன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதால் அதை நான் கேட்பதையே விட்டிருந்தேன். கொடுக்கும்போது நினைவில்லை.

லவோன் வாயில் கையை வைத்துக்கொண்டாள். என் முழங்கால் ஆடத் தொடங்கியது. பிறகு மற்றதும். அழுகை என்பதே மறந்துபோயிருந்ததால் முதலில் படகு ஆடுகிறது என்றுதான் நினைத்தேன். டெல்மர், இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்கவும் செய்தேன், சத்தமாகவே. ஜூன் காலையில் சதுப்பின் நடுவில் மூக்கு ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்தேன். ஒரு நாமக்கோழி கிட்டே வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனது.

கொஞ்சம் அடங்கியதும் ஒன்றை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு, கீழே சைபர் என்று எழுதினேன்.

"வெர்லினுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்லட்டுமா? இன்னிக்குக் கணக்கே கெட்டுப்போச்சே" என்றாள் லவோன்.

"வேண்டாம். அவனுக்கு இன்னும் நாலு இடம் பாக்கி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் டேப்பு கடைசி வரைக்கும் ஓடும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு ருபார்ப் பாரை எடுத்து என் கையில் வைத்தாள். துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டோம். எதிர்க்கரையில் வெர்லினின் படகு கோரையை உரசிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்கிற சத்தம் கேட்டது.

தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில், 'வேறு சத்தம்' என்பதற்கு நேராக, டெல்மர் என்று எழுதினேன்.