கூணு பிடிச்சு

இருநூற்று அறுபத்து நான்கு மணி நேரம், பதினோரு நாள், இன்று காலை ஒன்பதரைக்கு முடிகிறது, சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் முந்தி ஓடும், அதையும் கழித்தாகிவிட்டது, இனி வலையைப் பிரித்துப் பார்க்கலாம், பார்க்க வேண்டும், ஆனால் கை தொட்டிக்குள் போகமாட்டேன் என்கிறது... இரண்டடித் தொட்டி, அப்பா பொழியூர்க் கடலிலிருந்து கேனில் கொண்டுவந்த தண்ணீர், நீல விளக்கு, மூலையில் ஒரு தயிர்க் கப், கப்புக்குள் சிப்பித் துண்டுகள், அவற்றின்மேல் நான் பிளேடால் வெட்டி வைத்த எட்டுத் துண்டுகள், கப்பின் வாயில் ரப்பர் பேண்டு போட்டு இழுத்துக் கட்டிய வெள்ளை வலை. வலையைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். துண்டுகள் மென்பவழம், கல்லில் ஒட்டி வாழ்கிற கடலுயிர், காளான்போல விரிந்து நிற்கிற வகை, இரண்டைத்தான் நான்கு நான்காக வெட்டினேன், ஒட்டிக்கொண்டால் ஒவ்வொன்றும் முழுதாக வளரும். அம்மா அதைக் கூணு என்பாள், எங்கள் ஊரில் காளானுக்கு அதுதான் பெயர், கூணுக்குச் சாப்பாடு குடுத்தியா என்று கேட்பாள், இப்போது நானும் கூணு என்றுதான் சொல்கிறேன். அதற்கு வேர் கிடையாது, எலும்பு கிடையாது, அடியில் கொஞ்சம் தசை, அந்தத் தசை சிப்பியைப் பற்ற வேண்டும். யாரும் அதைப் பற்றவைக்க முடியாது. பக்கத்தில் இருக்கவைக்கலாம், அவ்வளவுதான்.

முதல் தடவை பசை போட்டேன். கையில் ஒட்டியது, பிளேடில் ஒட்டியது, கூணில் மட்டும் ஒட்டவில்லை, அது மேல்தோலைச் சளியாகக் கழற்றிப் பசையோடு கல்லில் விட்டுவிட்டு மிதந்து போனது. இரண்டாம் தடவை குழிவான கல்லில் சும்மா வைத்தேன், மூன்றாம் நாள் பம்பின் வாயில் கிழிந்து கிடந்தன. அப்பா எட்டிப் பார்த்து, பிடிக்கல்லியா மக்கா என்று மட்டும் கேட்டார். அப்பாவுக்குக் குன்னத்துகாலில் ஒரு நர்சரியில் வேலை, ரப்பர் கன்றுக்கு ஒட்டு வைப்பார், மொட்டுள்ள பட்டையைச் செருகி பிளாஸ்டிக் நாடா சுற்றி, இருபத்தொன்றாம் நாள் நாடாவை அவிழ்த்து நகத்தால் சுரண்டிப் பார்ப்பார், பச்சை தெரிந்தால் பிடிச்சு, கறுத்திருந்தால் போச்சு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும் முன்னால் அதைத்தான் சொல்வார், இன்னைக்கு நூத்துக்குத் தொண்ணூறு பிடிச்சு. நாடா. கூணுக்கும் ஏதாவது சுற்றினால் என்ன... தண்ணீர் உள்ளே போக வேண்டும், துண்டு வெளியே போகக்கூடாது, கொசுவலை முரடு, கீறிவிடும், பாறசாலைக் கடையில் காட்டிய துணி நனைத்தால் சாயம் விட்டது. மெல்லியதாக, வெள்ளையாக, கடுகு நுழையாத கண்ணியாக... அப்படி ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மா ரேஷன் கடைக்குப் போன காலையில் கத்தரிக்கோலை எடுத்தேன். பாச்சை உருண்டை வாசனை போக ஒன்பது முறை அலசினேன். சரி, அது பிறகு.

பிடிச்சோ? இரண்டு வாரமாக அம்மாவும் இதே சொல்லைத்தான் கேட்கிறாள், ஆனால் கூணைப் பற்றி அல்ல. சர்ச் சபையில் எல்லா வீட்டுக் கல்யாணத்தையும் பேசி முடிக்கிற விஜயம்மா மாமி போனில் ஒரு பையன் படம் அனுப்பினாள், சானு, பஹ்ரைனில் வேலை, வெள்ளைச் சட்டை, பின்னால் யாருடையதோ கார். முகத்தில் ஒரு தப்பும் இல்லை. இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். கல்யாணம் முடிந்த மாதமே அங்கே போக வேண்டும். தொட்டியை என்ன செய்வது என்று நான் கேட்டேன், கேட்டேனா, முணுமுணுத்தேன், மாமி சிரித்தாள், அங்க கடலே உண்டு மக்கா, தொட்டி எதுக்கு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் என் கோளாறு, விலங்கியல் வாய்மொழித் தேர்வில் பதில் தெரிந்தும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். துண்டு வெட்டிய அன்று மாலை ஒரு பந்தயம் கட்டினேன், என்னோடு நானே. எட்டில் ஐந்து பிடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். ஐந்துக்குக் குறைந்தால் தலையாட்டிவிடுவேன். படித்த பெண் செய்கிற காரியமா இது, கூணுக்கும் பஹ்ரைனுக்கும் என்ன தொடர்பு, எந்த நோட்டில் எழுத முடியும் இதை... பத்து மணிக்கு மாமி கூப்பிடுவாள். பதில் வேண்டுமாம்.

கை உள்ளே போய்விட்டது, எப்போது போனது, தண்ணீர் குளிரவில்லை, ரப்பர் பேண்டை விரலால் தள்ளினேன், கப்பை எடுத்து வந்தேன், வலையை ஒரு பக்கம் மட்டும் தூக்கினேன். ஒன்று, சிப்பியை எடுத்தால் கூடவே வருகிறது. சாய்த்தேன். விழவில்லை. கவிழ்த்தேன், விழவில்லை, வெட்டிய ஓரம் உருண்டு மூடியிருந்தது. இரண்டு. மூன்று, இது இரண்டு சிப்பிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது, பேராசைக்காரி. நான்கு. நான்கோடு நின்றுவிட்டால்? மூச்சு விட்டுக்கொள், ஜிஜி. ஐந்தாவதை ஊசியின் பின்பக்கத்தால் தள்ளினேன், அது சுருங்கியது, நகரவில்லை, சுருங்கியது, அதற்கு என்னைப் பிடிக்கவில்லை, சிப்பியைப் பிடித்திருக்கிறது. ஐந்து. ஆறாவதற்கு நடுவில் புதிதாக ஒரு வாய், ஊசிமுனை அளவு. ஏழு. எட்டாவது இல்லை, கரைந்துவிட்டது, பரவாயில்லை, அப்பா கணக்கில் நூற்றுக்கு எண்பத்தேழரை. பிடிச்சு, என்று கத்தினேன். நான். முற்றத்தில் கோழி சிறகடித்து ஓடியது, பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது, என் குரல் இவ்வளவு பெரியதா, இத்தனை நாள் இது எங்கே கிடந்தது...

அடுக்களையிலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள். மணி பத்தாகவில்லையே. "கேட்டியளா அக்கா, பிள்ளை வாயத் தொறந்து சொல்லியாச்சு. பிடிச்சாம்."

இருபத்து மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை கத்தினேன், அதுவும் பஹ்ரைனுக்குப் போய்விட்டது. சிரிப்பு வந்தது எனக்கு. நேற்று என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன், தலையணையில் முகத்தை வைத்து அழுதிருப்பேன், பிறகு கல்யாணமும் செய்திருப்பேன். இன்று கையில் ஏழு இருக்கிறது. கப்போடு நடந்தேன், உப்புத்தண்ணீர் முழங்கையிலிருந்து தரை முழுக்கச் சொட்டியது.

"அம்மா, நான் சொன்னது கூணுக்கு."

அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "என்ன மக்கா?"

"பிடிச்சது கூணாக்கும். அந்த ஆள எனக்குப் பிடிக்கல்ல. அவருக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கு வேண்டாம்."

போனுக்குள் மாமி, எந்தக் கூணு, லீலாபாய், யாருக்குக் கூணு, என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, கப்பைப் பார்த்தாள், கப்பின் ஓரத்தில் தொங்கிய வலையை, அதன் மூலையில் வெள்ளை நூலில் பின்னியிருந்த சின்னப் பூவை. பந்தயம் கட்டியது மாலையில், கத்தரிக்கோலை எடுத்தது அன்று காலையில்... அப்படியென்றால் காலையிலேயே நான் பதில் சொல்லியாகிவிட்டதா, பிறகு பதினோரு நாள் எதற்காகக் காத்திருந்தேன், கூணுக்காகவா, இந்தக் குரலுக்காகவா?

"இது எங்கேருந்து உனக்குக் கிட்டிச்சு?" அம்மா போனை இறக்கியிருந்தாள்.

வலையை முழுதாகப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன், அது ஈரத்தில் ஒட்டிக்கொண்டது.

"உங்களுக்க கல்யாணத்துக்குத் தலையில போட்ட நெட்டாக்கும், அம்மா. எனக்குன்னு அலமாரியில வச்சிருந்தியளே, அது. நான் வெட்டினேன்."