சுவரில் ஒட்டிய தாள்

சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னபோது சுருளிவேல் கேட்ட முதல் கேள்வி, "அப்ப மரம் ஏறலாமா?" என்பதுதான்.

சித்தையன்கோட்டையைச் சுற்றியுள்ள தோப்புகளில் முப்பது வருஷம் தேங்காய் வெட்டிய உடம்பு. விடிந்ததும் ஏறினால் உச்சிவெயில் வரைக்கும் ஏற்றமும் இறக்கமும்தான். ஒன்றுக்குப் போகக்கூடப் பொழுதிருக்காது. பொழுது சாய்ந்தால் இடுப்பு கழன்றுவிடும். மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிக் கடலைமிட்டாய் மாதிரி தின்றிருந்தார். வெயிலும் மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தை அரித்த கதையை வீட்டில் விளக்கிச் சொன்னவள் மகள் தமிழ்மதி. திண்டுக்கல்லில் விடுதியில் தங்கி நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்த வீட்டில் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்து பார்த்த ஒரே ஆள்.

செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் தண்ணீர். இதெல்லாம் டாக்டர் சொன்னது. எதைத் தின்னக்கூடாது என்பதை மட்டும் தமிழ்மதி தானே எழுதித் தருவதாகச் சொன்னாள். வகுப்பில் அப்போது பொட்டாசியம் நடந்துகொண்டிருந்தது. செல்லுக்கு உள்ளே அடைபட்டுக் கிடக்க வேண்டிய உப்பு அது. சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், தசை தளரும், கடைசியில் இதயம் துடிப்பதை மறக்கும். அந்தப் பரீட்சையில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கியிருந்தாள்.

நூலகத்து வெளிநாட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்ததைத் தமிழில் எழுதினாள். ஆரஞ்சுச் சாறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி, கீரை, உலர்ந்த திராட்சை, கிவி என்று பதினோரு பெயர். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினாள்.

"கிவின்னா என்ன தாயி?" என்றார் சுருளிவேல்.

"வெளிநாட்டுப் பழம்ப்பா."

"சரித்தான். இன்னையிலருந்து அத நிறுத்திர்றேன்."

அவர் மனைவி பழனியம்மாள் சிரித்துவிட்டாள். "இந்தா, வாய் மட்டும் குறையல இந்த மனுசனுக்கு."

ஆனால் பழனியம்மாளைப் போல அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டவர்கள் யாரும் இருக்க முடியாது. வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கினால் அந்த உப்பு இறங்கட்டும் என்று வெந்நீரில் ஊறப்போட்டு, வடித்துக் கொட்டி, மறுபடி வேகவைத்தாள். தக்காளி இல்லாமல் ரசம் வைத்தாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், அதனால் பதினோரு பெயரும் மனப்பாடம். தண்ணீருக்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை ஒதுக்கிவைத்தாள். நாலு டம்ளர், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. தாகத்தில் அவர் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். "ஏய், செத்த நேரம் அந்தப் பக்கம் போயேன்" என்று கெஞ்சுவார். போகமாட்டாள்.

அந்தச் சனிக்கிழமை நாச்சிமுத்து பார்க்க வந்தான். சுருளிவேலோடு பதினைந்து வருஷம் மரமேறியவன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரலாமா? ஒரு குலை இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, நீ ஏறுவியே, வாய்க்கா ஓரத்து மரம், அதுல வெட்டுனது. உடம்புச் சூடு அம்புட்டும் இறங்கிரும்."

பழனியம்மாள் எழுந்துபோய்த் தாளைப் பார்த்தாள். விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள். இளநீர் இல்லை. இருந்தாலும் அவள் ஏமாறுகிற ஆளில்லை. அதே டம்ளரில் ஊற்றி அளந்தாள். இளநீர் ஒரு டம்ளர் என்றால் தண்ணீரில் ஒரு டம்ளர் குறைத்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் நாலு டம்ளருமே இளநீர்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் தாகம் என்று முனகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்மதி போன் பண்ணினாள். "தண்ணி அளவாத்தானே குடுக்குற?"

"ஒரு சொட்டு கூடல."

"தாளுல இருக்கிறது எதுவும்...?"

"தாளத் தாண்டி எதுவும் இல்லத்தா. அப்பா நல்லாருக்காக."

திங்கட்கிழமை காலையில் சுருளிவேலால் கட்டிலைவிட்டு எழ முடியவில்லை. "காலு என்னோடது மாதிரி இல்லடி" என்றார். எண்பதடி மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறிய கால்கள் துவண்டு கிடந்தன. ஆட்டோவில் நாச்சிமுத்து மடியில் தலைவைத்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

தமிழ்மதி விடுதியிலிருந்து ஓடிவந்தபோது ஈசிஜி தாள் இயந்திரத்திலிருந்து நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னாலும் கூடாரம் போலக் கூராக நிமிர்ந்த அலை. புத்தகத்தில் இருந்த அதே படம். டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே பொட்டாசியம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் ஊசியைப் போட்டார்.

பழனியம்மாள் ஒன்றுவிடாமல் சொன்னாள். வடித்த காய், தக்காளி போடாத ரசம், இட்லி. "தண்ணிகூடக் குறைச்சுட்டேங்கய்யா. அதுக்குப் பதிலா இளநீர்தான்."

டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னும் வேகமாக ஓடியது. டயாலிசிஸ் இயந்திரத்தை இழுத்துவந்து குழாய் மாட்டுவதற்குள் திரையில் அலை அகன்றது, நெளிந்தது, கோடாகிவிட்டது. நெஞ்சை அமுக்கினார்கள். அரைமணி நேரம் அமுக்கினார்கள்.

எரித்துவிட்டு வந்த மறுநாள். வந்தவர்கள் போய்விட்டார்கள். வாசல் நிலையில் சாய்ந்து நாச்சிமுத்து மட்டும் உட்கார்ந்திருந்தான். பழனியம்மாள் அந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

"டாக்டர் மூஞ்சி போன போக்க நான் பாத்தேன். இளநீர்னு சொன்னதும் மாறுச்சு. நாந்தானே கொன்னேன்?"

இல்லை என்று தமிழ்மதி சொல்லிவிடலாம். நாள் முடிந்துபோச்சு, இதயம் பலவீனம் என்று எதையாவது சொன்னால் அம்மா நம்புவாள். அவள் சொல்கிற எதையும்தான் அம்மா நம்பினாளே.

"இளநீர்ல பொட்டாசியம் ஜாஸ்திம்மா. அது எனக்குத் தெரியும்" என்றாள் தமிழ்மதி. "சார் வகுப்புல ஒருக்கா சொல்லியும் இருக்காரு. எழுதும்போது புத்தகத்துல இருந்தத மட்டும் எழுதுனேன். புத்தகம் எழுதுனவன் ஊர்ல தென்னை இல்ல. நம்ம ஊர்ல இருக்கே. அப்பா தேங்கா வெட்டுற ஆளு. எனக்கு அது தோணல. நீ கொல்லல. நாந்தான்."

பழனியம்மாள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிவி என்ற எழுத்தில் புகைக்கரி படிந்திருந்தது.

"நீ எழுதாம விட்ட. நான் அளந்து அளந்து குடுத்தேன்" என்றாள் கடைசியில். "அப்ப ரெண்டு பேருந்தான்."

"மதினி..." வாசலிலிருந்து நாச்சிமுத்துவின் குரல் வந்தது. துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டான்.

கட்டிலுக்கு அடியில் குலையில் இன்னும் அஞ்சு இளநீர் மிச்சம் கிடந்தது. சுருளிவேலின் பழைய அரிவாளும் பக்கத்திலேயே இருந்தது. பழனியம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இத என்னத்தா செய்ய?"

தமிழ்மதி பையிலிருந்து பேனாவை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த தாளில் பதினோராவது பெயருக்குக் கீழே இளநீர் என்று எழுதினாள். கரிச்சுவரில் கை வைத்து எழுதியதில் எழுத்து கோணிக்கொண்டு போனது. பழனியம்மாள் பக்கத்தில் வந்து நின்று, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி அதைப் படித்தாள்.